கூடாரமா, கேம்பர்வேனா? பிரிட்டனில் முதல்முறை கேம்பிங் போகும் குடும்பங்களுக்கு

பிரிட்டனுக்கு வந்து ஓரிரு கோடை கழிந்ததும் வீட்டில் இந்தப் பேச்சு எழும். ஆகஸ்டில் ஹோட்டல் அறை விலை எகிறிக் கிடக்கும், பிள்ளைகள் கடற்கரைக்குப் போகணும் என்று நச்சரிப்பார்கள். கூடாரம் வாங்கலாமா, உள்ளேயே படுத்துச் சமைக்கும் கேம்பர்வேன் எடுக்கலாமா என்று தேடினால் அழகான படங்களாக வந்து குவியும். பணமும் தூக்கமும் பறிபோவது அந்தப் படங்களில் இல்லாத இடங்களில்: உரிமம் எடுத்து எத்தனை வருடம், வேனில் எத்தனை சீட் பெல்ட், பிட்ச்சில், அதாவது கேம்ப்சைட்டில் கூடாரமோ வேனோ போட நமக்குத் தரும் இடத்தில், எத்தனை ஆம்பியர், நனைந்த கூடாரத்தை ஃபிளாட்டில் எங்கே காயவைப்பது. அவற்றை வரிசையாகச் சொல்கிறோம். விலைகள் தோராயமானவை, சீசனையும் ஊரையும் பொறுத்து மாறும்.

எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். முதல் ஆண்டில் எதையும் பெரிதாக வாங்காதீர்கள். ஒரு தடவை இரவல் கூடாரத்தில் இரண்டு இரவு, ஒரு தடவை வாடகை வேனில் நாலு இரவு. அதற்குப் பிறகு முடிவெடுங்கள்.

1. முதலில் இரவுகளை எண்ணுங்கள்

ஆண்டுக்கு எத்தனை இரவு உண்மையில் வெளியே தங்குவீர்கள்? ஆசையைக் கேட்கவில்லை. பள்ளி விடுமுறை, அலுவலக விடுப்பு, ஊருக்குப் போகும் நாட்கள் எல்லாம் கழித்து மிஞ்சுவதைக் கேட்கிறோம். பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வீட்டில் பெரும்பாலும் 6 முதல் 10 இரவுதான் தேறும்.

நாலு பேருக்குக் கூடாரச் சாமான் முழுவதும் புதிதாக வாங்கினால்: கூடாரம் 400 முதல் 700 பவுண்டு, நாலு ஸ்லீப்பிங் பேக் 160 முதல் 240, நாலு மெத்தை அதே அளவு, அடுப்பும் கேஸும் 40, மின் இணைப்புப் பெட்டி 60 முதல் 80, நாற்காலி, மேசை, விளக்கு எல்லாம் சேர்த்து 120. ஆக மொத்தம் 950 முதல் 1,400 பவுண்டு. ஒழுங்காகக் காயவைத்து மடித்தால் ஐந்தாறு கோடை உழைக்கும்.

வேன் வாடகை கோடையில் நாளொன்றுக்கு 90 முதல் 150 பவுண்டு. நாலு இரவுக்கு 360 முதல் 600. டீசல் தனி. பிட்ச் வாடகையும் தனி. வேன் எடுத்தால் இடத்துக்குக் காசு தரவேண்டாம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மின் இணைப்புள்ள பிட்ச்சுக்குக் கூடாரக்காரர் தருகிற அதே 25 முதல் 45 பவுண்டை வேன்காரரும் தரவேண்டும்.

சொந்த வேன் என்றால், பத்து வயதான நல்ல வண்டி 20,000 முதல் 35,000 பவுண்டு. அதற்கு மேல் ஆண்டுதோறும் காப்பீடு 500 அளவில், சாலை வரி 350 அளவில், எம்.ஓ.டி. என்னும் ஆண்டு வாகனத் தகுதிச் சோதனைக்கு உச்சவரம்பு 54.85, சர்வீஸ் 300, ஈரக் கசிவும் கேஸும் பார்க்கும் உள்ளகப் பரிசோதனை 250. ஓட்டாமல் வாசலில் நிறுத்தியிருந்தாலும் கிட்டத்தட்ட 1,450 பவுண்டு போய்விடும். பத்து இரவு தங்கினால் இரவுக்கு 145. வாடகை வேனின் விலைதான், முதல் போட்ட பணம் வேறு முடங்கிக் கிடக்கும். முப்பது இரவு தங்கினால் 48. ஆகவே 25, 30 இரவுக்குக் குறைவாகப் போகிறவர்கள் வேன் வாங்குவதில் பணக் கணக்குப்படி நியாயமே இல்லை. வேறு காரணம் இருந்தால் வாங்குங்கள், ஆனால் "மிச்சம் பிடிக்கலாம்" என்று வாங்காதீர்கள்.

2. யார் யார் வருகிறார்கள் என்று எழுதுங்கள்

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும் கோடையில்தான் பல வீடுகளில் முதல் கேம்பிங் நடக்கும். அப்போது இரண்டு எண்களைப் பாருங்கள்: வேனில் எத்தனை படுக்கை, எத்தனை சீட் பெல்ட். இரண்டும் ஒன்றல்ல. "நாலு பேர் படுக்கலாம்" என்று விளம்பரத்தில் இருக்கும் வேனில் மூன்று பெல்ட் மட்டும் இருக்கலாம். பெல்ட் இல்லாத இருக்கையில் ஆளை ஏற்றக்கூடாது. பிள்ளைக்கு 12 வயது ஆகும்வரை, அல்லது 135 செ.மீ. உயரம் வரும்வரை, அதற்குரிய கார் சீட் வேண்டும். பக்கவாட்டில் பார்த்த இருக்கையில் கார் சீட்டைப் பொருத்த முடியாது. முன்பதிவுக்கு முன் "முன்னே பார்த்த பெல்ட் எத்தனை? ஐசோஃபிக்ஸ் (கார் சீட்டை மாட்டும் கொக்கி) எந்த இருக்கையில்?" என்று எழுத்தில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு பேர் என்றால் சாதாரண கேம்பர்வேன் சரிவராது. தாத்தா பாட்டிக்கு வேன், மற்றவர்களுக்குப் பக்கத்தில் சின்னக் கூடாரம் என்று ஒரே பிட்ச்சில் போடலாம். பல கேம்ப்சைட்டுகள் சிறு கட்டணத்துக்கு அனுமதிக்கும், முன்பதிவின்போதே கேட்கவேண்டும். எல்லோரையும் கொண்டுபோக ஒரு காரும் கூடவே வரவேண்டியிருக்கும். இரண்டாவது வண்டிக்கும் கட்டணம் உண்டு.

முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கூடாரம் கொடுமை. தரையிலிருந்து எழுந்து, ஜிப்பைத் திறந்து, செருப்பைத் தேடி, ஈரப் புல்லில் நூறு மீட்டர் நடந்து கழிப்பறைக்குப் போகவேண்டும், அதுவும் இரவு இரண்டு மணிக்கு. கூரை உயர்த்தும் வேனில் மேல்படுக்கைக்கு ஏறுவதும் அவர்களால் ஆகாது. கீழ்ப்படுக்கை அவர்களுக்கு என்று முடிவுசெய்துவிட்டே வேனைத் தேடுங்கள். கைக்குழந்தை உள்ளவர்களுக்கும் வேன்தான் நல்லது. ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கோ கூடாரம் சொர்க்கம்: ஓட இடமிருக்கும், சேறு உள்ளே வந்தாலும் யாரும் திட்டமாட்டார்கள்.

3. உரிமம்: வருட எண்ணிக்கையில் ஒரு பொறி

சாதாரண கார் உரிமம், அதாவது பி பிரிவு, 3,500 கிலோ வரை எடையுள்ள வேனுக்குப் போதும். வாடகைக்குக் கிடைக்கும் கேம்பர்வேன்கள் அநேகமாக எல்லாமே இதற்குள் அடங்கும்.

இந்திய, இலங்கை உரிமத்தோடு குடியேறியவர்கள் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் வரை ஓட்டலாம். அதன் பிறகு இங்கே தேர்வு எழுதி உரிமம் வாங்கியாகவேண்டும். இங்குதான் பொறி. சென்னையிலோ கொழும்பிலோ பதினைந்து வருடம் ஓட்டியவர் போன ஆண்டு இங்கே தேர்வில் தேறியிருந்தால், வாடகை நிறுவனத்தின் காப்பீட்டில் அவருக்கு ஒரு வருட அனுபவம்தான். பல நிறுவனங்கள் 25 வயதும், பிரிட்டிஷ் உரிமம் கிடைத்து இரண்டு வருடமும் கேட்கும். முன்பணம் கட்டியபின் இதைக் கண்டுபிடித்தால் பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. வெளிநாட்டு உரிமத்தை ஏற்கிறார்களா, எத்தனை வருடம் கேட்கிறார்கள் என்று கட்டுவதற்கு முன் மின்னஞ்சலில் கேளுங்கள்.

வேன் எடுக்கும் நாளில் கையில் இருக்கவேண்டியவை:

ஓட்டும் ஒவ்வொருவரின் அட்டை உரிமம். அதில் இப்போதைய முகவரி இருக்கவேண்டும். வீடு மாறியவர்கள் உரிமம் வழங்கும் அரசு அமைப்பான டி.வி.எல்.ஏ.வின் தளத்தில் இலவசமாக மாற்றலாம், புதிய அட்டை தபாலில் வரும். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே செய்துவிடுங்கள்.

டி.வி.எல்.ஏ. செக் கோட், அதாவது உங்கள் உரிம விவரத்தை வாடகை நிறுவனம் பார்க்க உதவும் குறியீடு. உரிம எண், தேசியக் காப்பீட்டு எண், அஞ்சல் குறியீடு மூன்றும் இருந்தால் இணையத்தில் இரண்டு நிமிட வேலை. 21 நாள்தான் செல்லும். புக் செய்த அன்றே எடுத்து வைத்துவிட்டு ஆகஸ்டில் நீட்டினால் காலாவதியாகியிருக்கும்.

மூன்று மாதத்துக்குள் வந்த முகவரிச் சான்று இரண்டு. வங்கி அறிக்கை, கவுன்சில் டாக்ஸ் கடிதம், மின்கட்டண பில் போன்றவை. கைப்பேசி பில்லைப் பல இடங்களில் ஏற்பதில்லை.

முதன்மை ஓட்டுநர் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டு. வைப்புத்தொகை 1,000 பவுண்டு அளவில் அதில் பிடித்துவைப்பார்கள். மனைவியின் கார்டு, அண்ணனின் கார்டு செல்லாது.

4. வாடகை ஒப்பந்தத்தில் எதைப் படிக்கவேண்டும்

முதலில் நேரம். வேனைக் கொடுப்பது பிற்பகல் 2 அல்லது 3 மணிக்கு, திருப்பித் தரவேண்டியது காலை 10 மணிக்கு. ஐந்து நாள் என்று போட்டிருந்தாலும் முழுதாகக் கையில் இருப்பது மூன்று நாள். வெள்ளி மாலை 3 மணிக்கு லண்டனில் வேனை வாங்கி, ஒரு மணி நேரம் விளக்கம் கேட்டு, லண்டனைச் சுற்றிவரும் எம்25 நெடுஞ்சாலையில் மாட்டி, கார்ன்வாலுக்கு இரவு 9 மணிக்கு முன் போய்ச் சேரவே முடியாது. பல கேம்ப்சைட்டுகளில் அதற்குள் வாசல் தடுப்பை இறக்கிவிடுவார்கள். முதல் இரவுக்கு இரண்டு மணி நேரத் தொலைவில் ஓர் இடம் பாருங்கள்.

அடுத்து, காப்பீட்டில் உங்கள் பங்கு. 1,000 முதல் 1,500 பவுண்டு வரை உங்கள் தலையில் இருக்கும். கூரை, டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் பெரும்பாலும் இதில் சேராது; அதற்கான முழுச் செலவும் உங்களுடையது. அதிகம் அடிபடுவது கூரைதான். கூரை உயர்த்தும் சிறு வேன் ஏறக்குறைய 2 மீட்டர் உயரம், டுகாட்டோ வகைப் பெரிய வேன் 2.6 மீட்டர் அளவில். கடற்கரைக் கார் பார்க்குகளின் தடுப்புக் கம்பி பல இடங்களில் 1.9 முதல் 2.1 மீட்டரில் நிற்கும். வேனின் உயரத்தை ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். கூரையை இறக்கிப் பூட்டாமல் கிளம்புவதும் நடக்கிறது. அந்தப் பழுது ஆயிரக்கணக்கில் வரும்.

மூன்றாவது, துப்புரவுக் கட்டணம். நம் சமையலுக்கு இது முக்கியம். கடுகு தாளித்து, மீன் பொரித்து முடித்தால் அந்த வாடை இருக்கைத் துணியிலும் திரைச்சீலையிலும் ஏறிவிடும். திருப்பிக் கொடுக்கும்போது வாடை இருந்தால் 100, 150 பவுண்டு பிடிப்பார்கள். தாளிப்பு, பொரியல் எல்லாம் வேனுக்கு வெளியே சிறு கேஸ் அடுப்பில் செய்யுங்கள். உள் அடுப்பில் தேநீர், நூடுல்ஸ், பால் காய்ச்சுவது மட்டும்.

வேனை வாங்கும்போது சுற்றி நடந்து காணொளி எடுங்கள். கூரை, சக்கரக் கிண்ணம், பம்பரின் அடிமூலை, உள்ளே மேசையின் ஓரம். எரிபொருள் முள், ஓடிய மைல், ஆட்ப்ளூ (டீசல் புகையைச் சுத்தமாக்கும் திரவம்) அளவு மூன்றையும் ஒரு படத்தில் பிடியுங்கள்.

5. சொந்தமாக வாங்குகிறவர்களுக்கு

லண்டன்வாசிகள் முதலில் பார்க்கவேண்டியது யூலெஸ், அதாவது அதிகம் புகை விடும் வண்டிகளுக்கு நாள் கட்டணம் வாங்கும் வலயம். 2023 ஆகஸ்ட் 29 முதல் இது லண்டனின் எல்லா பரோக்களிலும் நடைமுறையில் உள்ளது. ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங், கிராய்டன் எல்லாம் உள்ளேதான். டீசல் வண்டி யூரோ 6, பெட்ரோல் யூரோ 4 இல்லையென்றால் ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. 2016 செப்டம்பருக்கு முன் பதிவான டீசல் வேன்கள் பெரும்பாலும் சிக்கும். மலிவாக வரும் பழைய வேன் ஏன் மலிவு என்பதற்கு இது ஒரு காரணம். நாள் கணக்கு நள்ளிரவுக்கு நள்ளிரவு. ஞாயிறு இரவு 12.30-க்கு வீடு திரும்பினால் திங்களுக்கும் சேர்த்துக் கட்டவேண்டும். பதிவு எண்ணை லண்டன் போக்குவரத்து அமைப்பான டி.எஃப்.எல்.லின் தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டே முன்பணம் கொடுங்கள்.

அரசுத் தளத்தில் எம்.ஓ.டி. வரலாறு இலவசம். அடுத்தடுத்த ஆண்டுகளில் மைல் கணக்கு ஒழுங்காக ஏறியிருக்கிறதா, துரு பற்றிய குறிப்பு திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். கடன் பாக்கி உள்ள வண்டியா என்று சரிபார்க்கப் பத்து, இருபது பவுண்டு செலவாகும், மிச்சம் பிடிக்காதீர்கள். வி5சி பதிவுப் புத்தகத்தில் வண்டியின் வகை என்ன என்று படியுங்கள். தனியார் கையால் மாற்றப்பட்ட பல வேன்கள் அதில் ஜன்னல் வைத்த வேன் என்றே இருக்கும். அது குற்றமல்ல. ஆனால் காப்பீட்டாளரிடம் அதையும், உள்ளே செய்த மாற்றங்களையும் சொல்லாமல் பாலிசி எடுத்தால் இழப்பீடு கேட்கும் நாளில் மறுப்பார்கள்.

ஈரம் பார்க்க மழை பெய்த மறுநாள் போங்கள். ஜன்னல் மூலையிலும், கூரை விளிம்பிலும், படுக்கைக்கு அடியிலும் கட்டைவிரலால் அழுத்துங்கள். பலகை பஞ்சுபோல் அமுங்கினால் வேறு வண்டி பாருங்கள்.

6. இடம் பிடிப்பது

இங்கிலாந்தில் பள்ளி மூடுவது ஜூலை மூன்றாம், நாலாம் வாரம். அதிலிருந்து ஆகஸ்ட் முடிய கடலோர இடங்களுக்கு ஜனவரி, பிப்ரவரியிலேயே பதிவு நடக்கும். பேங்க் ஹாலிடே வாரங்களில் குறைந்தது மூன்று இரவு எடுக்கச் சொல்வார்கள். ஸ்காட்லாந்தில் ஆகஸ்ட் நடுவில் பள்ளி திறந்துவிடும்; அதன் பிறகு அங்கே கூட்டமும் விலையும் குறையும். ஆனால் ஹைலண்ட்ஸில் மே கடைசி முதல் செப்டம்பர் வரை மிட்ஜ் என்னும் பொடிக்கொசு காற்றில்லாத காலையிலும் மாலையிலும் மொய்க்கும். கூடாரத்தில் வலை மூடிய உள்ளறை கட்டாயம்.

பிட்ச் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். சரளைக்கல் பிட்ச் வேனுக்கு உகந்தது. கூடார முளை அதில் இறங்காது. புல் பிட்ச் கூடாரத்துக்கு உகந்தது. மழை வாரத்தில் வேன் அதில் புதையும். சில இடங்கள் கூடாரத்தை ஏற்பதே இல்லை. கேரவன் அண்ட் மோட்டர்ஹோம் கிளப்பின் பல தளங்கள் அப்படி. கேம்பிங் அண்ட் கேரவனிங் கிளப் கூடாரக்காரர்களுக்கு இணக்கமானது. சேர்வதற்கு ஆண்டுக்கு 50 முதல் 65 பவுண்டு ஆகும், ஐந்தாறு இரவுக்கு மேல் தங்கினால்தான் கட்டுப்படியாகும்.

மூன்று நாலு குடும்பம் சேர்ந்து போவது நம் வழக்கம். தனித்தனியாகப் பதிந்துவிட்டு அங்கே போய்ப் பக்கத்துப் பக்கத்தில் கேட்டால் தகராறு வரும். குழுக்களை ஏற்காத தளங்கள் நிறைய. "நாங்கள் இத்தனை குடும்பம், இத்தனை பிள்ளைகள்" என்று முதலிலேயே சொன்னால் பலர் ஒரு மூலையை ஒதுக்கித் தருவார்கள். இரவு 10 அல்லது 11 மணிக்கு மேல் சத்தம் கூடாது. அந்தாக்ஷரியை எட்டு மணிக்கே ஆரம்பித்துவிடுங்கள்.

காசு கொடுக்காமல் எங்காவது தங்கலாமா என்பவர்களுக்கு: இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நில உடைமையாளரின் அனுமதி வேண்டும். டார்ட்மூர் பொதுநிலம் விதிவிலக்கு. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அங்கே கூடாரம் போடும் உரிமையை உறுதிசெய்தது. அது முதுகுப்பை கூடாரத்துக்குத்தான், குடும்பக் கூடாரத்துக்கல்ல. ஸ்காட்லாந்தின் 2003 நிலச் சட்டம் கூடாரத்துக்கு இடம் தருகிறது, மோட்டார் வண்டிக்குத் தரவில்லை. லோக் லோமண்ட் கரையோரப் பகுதிகளில் மார்ச் முதல் செப்டம்பர் வரை அனுமதிச் சீட்டு வேண்டும்.

7. கூடாரம் வாங்கும்போது

"நாலு பேர் கூடாரம்" என்றால் நாலு பேர் தோளோடு தோள் உரச, பெட்டி எதுவுமின்றிப் படுக்கும் அளவு. நாலு பேருக்கு ஆறு பேர் கூடாரம் வாங்குங்கள். நீர் தாங்கும் அளவு 3,000 மி.மீ. என்று போட்டிருந்தால் இங்கத்திய மழைக்குப் போதும். 1,500 என்பது கீழெல்லை. தரைத்துணி சுவரோடு தைத்திருக்கவேண்டும். இருட்டு உள்ளறை உள்ளதாகப் பாருங்கள், ஜூன் மாதம் லண்டனில் காலை 4.45-க்கே வெளிச்சம் வந்துவிடும், பிள்ளைகள் அதோடு எழுந்துவிடுவார்கள். காற்றடைக்கும் கூடாரம் பத்து நிமிடத்தில் நிற்கும், ஆனால் 20 முதல் 30 கிலோ எடை. உங்கள் காரில் ஏறுமா என்று பின் இருக்கையில் ஆட்களை உட்காரவைத்தே பாருங்கள்.

காலையில் கூரையின் உட்பக்கம் துளித்துளியாக ஈரம் கோத்து நிற்கும், தொட்டால் தலையில் சொட்டும். ஒழுகுகிறது என்று பதறவேண்டாம். அது உங்கள் மூச்சுக்காற்றின் ஈரம். குளிருக்குப் பயந்து காற்றுத் துவாரங்களை அடைத்தால்தான் இது அதிகமாகும்.

8. குளிர் கீழிருந்து வருகிறது

முதல்முறை போகிறவர்கள் தூங்காமல் திரும்புவது இதனால்தான். ஆகஸ்டிலும் இரவு 8, 10 டிகிரிக்கு இறங்கும்; மே மாதம் 4, 5. மேலே எத்தனை போர்வை போட்டாலும் அடியில் சாதாரணக் காற்று மெத்தை இருந்தால் உடம்பின் சூடு தரைக்குள் போய்விடும். மெத்தை குளிரைத் தடுக்கும் திறனைக் காட்டும் ஆர் மதிப்பு 3 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். காற்று மெத்தைதான் இருக்கிறது என்றால் அதன்மேல் கம்பளி, அதன்மேல் ஜமுக்காளம் விரியுங்கள்.

ஸ்லீப்பிங் பேக்கில் மூன்று வெப்பநிலை அச்சிட்டிருக்கும். கம்ஃபர்ட் என்று போட்டிருப்பதை மட்டும் பாருங்கள். எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் தப்பும் அளவு, தூங்கும் அளவு அல்ல. கடையில் பெரிய எழுத்தில் போடுவது சில நேரம் அதைத்தான். கோடைக்குக் கம்ஃபர்ட் 5 டிகிரி போதும். வெப்பநாட்டு உடம்புக்கு இன்னும் ஒரு படி கதகதப்பானதாகவே வாங்கலாம்.

வேனில் இந்தத் தொல்லை பாதிதான். டீசல் ஹீட்டர் உள்ள வேனா என்று கேளுங்கள். ஏப்ரலிலும் அக்டோபரிலும் போவதாக இருந்தால் அது இல்லாத வேன் வேண்டாம்.

9. மின்சாரமும் கேஸும்

கேம்ப்சைட் மின்கம்பத்தில் 6, 10 அல்லது 16 ஆம்பியர் வரும். ஆம்பியரை 230-ஆல் பெருக்கினால் எத்தனை வாட் தாங்கும் என்று தெரியும். பத்து ஆம்பியர் என்றால் 2,300 வாட். வீட்டுக் கெட்டில் 3,000 வாட். போட்ட மாத்திரத்தில் டிரிப் ஆகும். 700 வாட் ரைஸ் குக்கரும் 1,000 வாட் சின்னக் கெட்டிலும் ஒரே நேரத்தில் ஓடும். 2,000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு போட்டால் வேறெதுவும் போடமுடியாது. 6 ஆம்பியர் இடத்தில், 1,380 வாட்டில், ரைஸ் குக்கரை இறக்கிய பிறகே கெட்டில். சட்னி அரைக்கும் மிக்ஸி 550 முதல் 750 வாட், அதுவும் காலை ஏழு மணிக்கு முன் வேண்டாம்.

நீல நிற மூன்று முனை பிளக் உள்ள கேபிள்தான் பயன்படும், வழக்கமான நீளம் 25 மீட்டர். முதலில் வேனில், அல்லது கூடாரத்துக்கான பெட்டியில், செருகிவிட்டுக் கடைசியாகக் கம்பத்தில் செருகுங்கள். சில கம்பங்களில் செருகிய பின் வலப்பக்கம் திருகினால்தான் மின்சாரம் வரும்; கழற்றும்போது சிவப்புப் பொத்தானை அழுத்தவேண்டும். கேபிள் முழுவதையும் சுருளிலிருந்து அவிழ்த்துப் புல்லில் போடுங்கள். சுருளாகவே விட்டால் சூடேறி உருகும்.

மின் இணைப்பில்லாத இடத்தில் வேனின் பிளக் பாயின்ட்டுகள் வேலை செய்யாது. விளக்கு, தண்ணீர் பம்ப், ஃபிரிட்ஜ், கைப்பேசி சார்ஜ் மட்டும் பேட்டரியில் ஓடும். 100 ஆம்பியர்-மணி பழைய வகை பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம்; ஃபிரிட்ஜ் நாளுக்கு 30 முதல் 40 தின்னும். ஒன்றரை நாளில் தீர்ந்துவிடும், வண்டியை ஓட்டினால் மீண்டும் ஏறும்.

நீல உருளையில் வருவது பியூட்டேன். உறைநிலைக்கு அருகில் அது வாயுவாவதில்லை; ஏப்ரல் காலையில் அடுப்பு மினுக்மினுக் என்று எரிந்து அணைவது அதனால்தான். சிவப்பு உருளையின் புரோப்பேன் கடுங்குளிரிலும் எரியும்.

இதை மட்டும் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்: கேஸ் அடுப்பையோ கரி அடுப்பையோ கூடாரத்துக்குள் கொண்டுபோகக்கூடாது. தணல் அணைந்தது போலத் தெரியும் பார்பிக்யூ தட்டும் மணிக்கணக்கில் கார்பன் மோனாக்சைடை விடும். மணமில்லை, நிறமில்லை. குளிருக்கு அதை உள்ளே வைத்துக்கொண்டு தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை. வேனில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்று பொத்தானை அழுத்திக் கேட்டுவிட்டே சாவியை வாங்குங்கள். அலாரத்தை நீங்களே வாங்குவதானால் இ.என். 50291-2 என்று அச்சிட்டது; அதுதான் வண்டிகளுக்கானது.

10. போய்ச் சேர்ந்தபின்

கூடாரத்தை வீட்டுப் பக்கத்துப் பூங்காவிலோ தோட்டத்திலோ ஒருமுறை நிறுத்திப் பழகியிருக்கவேண்டும். முதல்முறை ஒன்றரை மணி நேரம் ஆகும், மழையில் இரண்டு. அடுத்த கூடாரத்துக்கு ஆறு மீட்டர் இடைவெளி விடுவது தீ பரவாமலிருக்க. பள்ளத்தைத் தவிருங்கள், வாசலைக் காற்று வரும் திசைக்கு மறுபக்கம் வையுங்கள். முளையை 45 டிகிரி சாய்வில், தலை கூடாரத்தைவிட்டு விலகிச் சாய்ந்திருக்கும்படி அடியுங்கள். செங்குத்தாக அடித்தால் ஈர மண்ணில் கயிறு இழுத்த இழுப்புக்கு வந்துவிடும். காற்றில்லாத நாளிலும் எல்லாக் கயிற்றையும் கட்டுங்கள், காற்று இரவிலும் கிளம்பலாம். மணிக்கு 30 மைலுக்கு மேல் வீசும் என்று முன்னறிவிப்பு வந்தால் அன்று போகாதீர்கள்.

வேனுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. சமதளமாக நிறுத்தினால் சரி, சரிவென்றால் தலை மேல்பக்கம் வருமாறு. ஆனால் பால் வாங்கப் போகவேண்டுமென்றாலும் மொத்த வீட்டையும் கட்டிக்கொண்டு கிளம்பவேண்டும். ஒரே இடத்தில் நாலைந்து நாள் தங்கிச் சுற்றிப்பார்ப்பதற்குக் கூடாரமும் காரும் மேல்; இரவுக்கு ஓர் ஊர் என்றால் வேன்.

கழிப்பறைப் பெட்டியை இரண்டு நாளுக்கு ஒருமுறை அதற்கென்று உள்ள எல்சன் தொட்டியில் கொட்டுங்கள், சாக்கடையிலோ பொதுக் கழிப்பறையிலோ அல்ல.

11. வீடு திரும்பிய அன்றே

வேனைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் டேங்கை நிரப்பி ரசீதைப் படமெடுங்கள். கழிவுநீர்த் தொட்டியையும் கழிப்பறைப் பெட்டியையும் காலி செய்யுங்கள். செய்யாவிட்டால் தனித்தனியாகப் பிடிப்பார்கள். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தே வையுங்கள். கறிவேப்பிலை, வெங்காயத் தோல் இருக்கை இடுக்கில் கிடக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள்.

கூடாரம் ஈரமாக மடித்து வந்திருந்தால் இரண்டு நாளுக்குள் விரிக்கவேண்டும். மூன்றாம் நாள் பூஞ்சணம் பிடிக்கும், அந்தக் கறுப்புப் புள்ளி பிறகு எதற்கும் போகாது. ஃபிளாட்டில் இருப்பவர்கள் உள்ளறையைக் கழற்றிக் குளியலறைக் கம்பியில் தொங்கவிடுங்கள், வெளித்துணியைக் கதவுகளின் மேல் விரித்து ஜன்னலைத் திறந்துவையுங்கள், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடுங்கள். தையல் ஓரமும் ஜிப் மடிப்பும் கடைசியில்தான் காயும். அங்கே விரல் வைத்துப் பார்த்துவிட்டுப் பையில் போடுங்கள்.